தண்ணீரைப் பார்த்துத் தட்டை அறியும் கண்: ஒரு டிஷ்வாஷரின் கலங்கல் சென்சார் குறித்த நிகழ்வு ஆய்வு

தென்சென்னைப் புறநகரில், ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் என் அக்கா வீட்டில் நான்கு ஆண்டுகளாக ஒரு டிஷ்வாஷர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து பேர் கொண்ட வீடு; மூன்று வேளையும் சமையல்; நாளுக்கு ஒரு முறை, இரவு உணவு முடிந்ததும், எவ்வளவு கழுவ வேண்டும் என்பதை இயந்திரமே தீர்மானித்துக்கொள்ளும் ஆட்டோ நிரலில் அதை ஓடவிட்டுப் படுத்துவிடுவது வழக்கம். முதல் மூன்று ஆண்டுகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் மெல்ல மெல்லத் தலைகாட்டின. முன்பெல்லாம் 1 மணி 50 நிமிடத்தில் முடிந்த ஆட்டோ நிரல், பாத்திரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 2 மணி 40 நிமிடம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதோடு, கண்ணாடி டம்ளர்கள் பால் பூசியதுபோல வெளுத்துப்போய் வெளியே வந்தன. கூடுதல் நேரம் கழுவும் இயந்திரம் கூடுதல் சுத்தமாகக் கழுவ வேண்டும்; இங்கே நேரமும் கூடி அழுக்கும் கூடியது.

வந்து பார்த்த மெக்கானிக் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றச் சொன்னார். "போர்டு போயிடுச்சாம் தம்பி, பணம் கட்டுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை வந்து பாரு" என்று அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். வீட்டு உபயோக இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், பலகை உண்மையிலேயே பழுதானால் அது எப்படித் தவறும் என்பது எனக்கு ஓரளவு பழக்கம். பழுதான பலகை பெரும்பாலும் தாறுமாறாக நடந்துகொள்ளும். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் பாதியில் நிற்கும், ஒரு நாள் பிழைக் குறி காட்டும். இந்த இயந்திரமோ ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி, ஒரே நேரத்துக்கு, தன் பட்டியலில் உள்ள மிக நீண்ட பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. பலகை ஒழுங்காகத்தான் முடிவெடுக்கிறது, அதற்கு வந்து சேரும் செய்திதான் தவறு என்ற ஐயம் எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள இயந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது

டிஷ்வாஷர் ஒரு தொட்டியைப்போல நிரம்பிப் பாத்திரங்களை மூழ்கடிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சுமார் மூன்று முதல் ஐந்து லிட்டர் தண்ணீர் மட்டுமே உள்ளே வருகிறது. அது அடியில் உள்ள ஒரு சிறு குழியில் தேங்குகிறது; மெக்கானிக்குகள் அதையும் சம்ப் என்றுதான் சொல்வார்கள், நம் வீடுகளுக்கு அடியில் லாரித் தண்ணீர் நிரப்பும் சம்ப்பின் கையளவு வடிவம் அது. அங்கிருந்து பம்ப் தண்ணீரை இழுத்து, சுழலும் தெளிப்புக் கைகளின் துளைகள் வழியாகப் பாத்திரங்கள்மீது பீய்ச்சுகிறது. கீழே வடியும் தண்ணீர் வடிகட்டியைக் கடந்து மறுபடியும் சம்ப்புக்கு வருகிறது. ஆக, அதே நான்கு லிட்டர் தண்ணீர் நூற்றுக்கணக்கான முறை பாத்திரங்களின்மேல் விழுந்து எழுகிறது. முன்கழுவல், பவுடர் கரையும் முதன்மைக் கழுவல், இடை அலசல், சூடான இறுதி அலசல், உலர்த்தல் என்று கட்டங்கள் மாறும்போது மட்டும் பழைய தண்ணீர் வெளியேறிப் புதுத் தண்ணீர் வருகிறது. முழுச் சுற்றுக்கும் சேர்த்து 10 முதல் 15 லிட்டர் போதும் என்பதன் இரகசியம் இந்தச் சுழற்சிதான்.

கழுவுதல் என்பது வெப்பம், காலம், வேதிப்பொருள், தண்ணீரின் அடி ஆகிய நான்கின் கூட்டு வேலை. ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஸின்னர் 1959-இல் இந்த நான்கையும் ஒரே வட்டத்தின் நான்கு பங்குகளாகக் காட்டினார். ஒரு பங்கைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டித்தான் வட்டத்தை நிரப்ப முடியும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈக்கோ நிரல் 50 டிகிரிச் சூட்டோடு நின்றுகொண்டு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது சோம்பலால் அல்ல. சூட்டில் விட்டதை நேரத்தில் ஈடுகட்டுகிறது. நேரம் நீண்டால் மின்சாரமும் கூடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் இயந்திரம் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. பம்ப் ஓடுவதற்குத் தேவைப்படுவது அதனோடு ஒப்பிடச் சிறிது.

சூட்டை அளப்பது என்.டி.சி. எனப்படும் ஒரு சிறு மின்தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். இந்த இயந்திரத்தில் உள்ள வகை 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். 50 டிகிரியில் அது ஏறத்தாழ 3.6 கிலோ ஓமாகவும், 65 டிகிரியில் 2.1 கிலோ ஓமாகவும் இறங்கிவிடும். பலகை அந்தத் தடையைப் படித்து ஹீட்டரை இயக்குகிறது, நிறுத்துகிறது. தண்ணீர் ஓட்டம் உறுதியாகாதவரை ஹீட்டருக்கு மின்சாரம் போகாது, மேலும், என்.டி.சி. ஏமாற்றினாலும் கை கொடுப்பதற்கென்று தனியாக, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் உயர்வெப்ப வெட்டும் இருக்கிறது.

எந்தக் கட்டத்தில் எவ்வளவு சூடு என்பதை வேதிப்பொருளே தீர்மானிக்கிறது. பவுடரில் உள்ள நொதிகளில் ஒன்று மாவுச்சத்தை வெட்டுகிறது, இன்னொன்று புரதத்தை வெட்டுகிறது; இரண்டும் 40 முதல் 60 டிகிரி வரையில்தான் நன்றாக உழைக்கும். அதற்கு மேல் நீண்ட நேரம் போனால் அவை உருக்குலைந்துவிடும். எண்ணெயும் நெய்யும் இளகிப் பிரிவதற்கோ சூடு கூடக் கூட நல்லது. அதனால்தான் நல்ல நிரல்கள் ஒரே தாவாக 65 டிகிரிக்குத் தாவாமல் மெல்ல ஏறுகின்றன. ஏறும் வழியிலேயே நொதிகள் தம் வேலையை முடித்துவிடுகின்றன.

இங்கே நம் ஊர்த் தண்ணீரின் தனித்தன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய அளவீட்டு முறையில் இயந்திரத்துக்குள் நுழையும் தண்ணீர் 15 டிகிரி. சென்னையில் மே மாதப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 35 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஐந்து லிட்டர் தண்ணீரையும் பன்னிரண்டு கிலோ பாத்திரங்களையும் 15-லிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 1,800 வாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் வேண்டும். 35-லிருந்து தொடங்கினால் நான்கு நிமிடம் போதும். மின்சாரம் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் நொதிகளுக்கு இதமான அந்த ஏற்றப் பாதையும் அதே அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சோற்றுக் கஞ்சி காய்ந்த பாத்திரங்களுக்குக் கோடையில் 65 டிகிரி நிரலைவிட 50 டிகிரி நிரல் பல வேளைகளில் நல்ல பலன் தருவதற்கு இதை ஒரு காரணமாகவே நான் கருதுகிறேன்.

இனி சென்சாருக்கு வருவோம். சம்ப்பின் ஓரத்தில், கட்டைவிரல் அளவில், இரு பற்கள் கொண்ட முள்கரண்டிபோல ஒரு பிளாஸ்டிக் உறுப்பு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பல்லுக்குள் அகச்சிவப்பு ஒளி உமிழும் எல்.இ.டி., எதிர்ப் பல்லுக்குள் அந்த ஒளியை வாங்கும் உறுப்பு. இடையே ஓடும் தண்ணீர் தெளிவாக இருந்தால் ஒளி முழுவதும் போய்ச் சேரும். மாவும் கொழுப்பும் துகள்களும் மிதந்தால் ஒளி சிதறி, குறைந்த அளவே போய்ச் சேரும். கலங்கல் சென்சார் என்பது இவ்வளவுதான். பல இயந்திரங்களில் என்.டி.சி.யும் இதே உறுப்புக்குள் அடங்கிவிடுகிறது.

முன்கழுவல் முடியும் தறுவாயில் பம்ப்பின் வேகம் குறைகிறது. சுழலும் தண்ணீரில் உள்ள காற்றுக் குமிழிகளும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், குமிழிகள் அடங்கும்வரை சில நொடிகள் காத்திருந்துதான் அளவு எடுக்கப்படுகிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, பவுடரைத் திறந்து, 45 அல்லது 50 டிகிரியோடு முதன்மைக் கழுவலைத் தொடங்கிவிடும். கலங்கல் மிகுந்திருந்தால் அந்தத் தண்ணீரை வெளியேற்றி, புதுத் தண்ணீர் எடுத்து, சூட்டை 65 டிகிரிக்கு உயர்த்தி, இடை அலசல் ஒன்றையும் கூட்டிக்கொள்ளும். ஆட்டோ நிரலின் நேரமும் தண்ணீரும் மின்சாரமும் நாளுக்கு நாள் மாறுவது இந்த ஒற்றைக் கணத்து முடிவால்தான்.

எவ்வளவு ஒளி வந்தால் தெளிவு என்று கொள்வது? இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு தேவை. கடைசி அலசலின் தண்ணீரோ புதிதாக நிரப்பிய தண்ணீரோ சுத்தமானது என்று வைத்துக்கொண்டு, அதில் வரும் ஒளியை முழு அளவாக இயந்திரம் பதிந்துகொள்கிறது. எல்.இ.டி. நாள்பட மங்கினாலோ பற்களில் லேசாகப் படிவு சேர்ந்தாலோ, மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டி மறுபடியும் அதே முழு அளவைப் பெற்றுக்கொள்ளும். இந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில்தான் என் அக்கா வீட்டு இயந்திரம் சிக்கியிருந்தது.

காலி இயந்திரத்தின் சாட்சியம்

முதல் நாள் செய்த சோதனை மிக எளியது. பாத்திரம் ஒன்றுகூட இல்லாமல், பவுடரும் போடாமல், வடிகட்டியைக் கழுவி மாட்டிவிட்டு, ஆட்டோ நிரலை ஓடவிட்டேன். உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். அதற்கும் இயந்திரம் முன்கழுவல் நீரை வெளியேற்றியது, புதுத் தண்ணீர் எடுத்தது, சூட்டை ஏற்றியது, 2 மணி 40 நிமிடம் கழித்தே ஓய்ந்தது. பிளக்கில் மாட்டியிருந்த மீட்டர் 1.4 யூனிட் காட்டியது. அழுக்கே இல்லாத தண்ணீரை மிக அழுக்கு என்று இயந்திரம் சொல்கிறது என்றால், அதன் கண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்குமுன் சூட்டையும் சரிபார்த்துவிட வேண்டியிருந்தது, ஏனெனில் டம்ளரின் வெண்மைக்குச் சூடு போதாமையும் காரணமாகலாம் என்ற எண்ணம் வீட்டில் இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து என்.டி.சி.யின் தடையை அளந்தபோது, 30 டிகிரி அறையில் 8 கிலோ ஓம் காட்டியது; காட்ட வேண்டியதும் அதுவே. பிறகு முதன்மைக் கழுவலின் நடுவே கதவைத் திறந்து, சமையல் தெர்மாமீட்டரைச் சம்ப் தண்ணீரில் வைத்தேன். 63 டிகிரி. கதவு திறந்ததில் போன சூட்டையும் சேர்த்துக்கொண்டால் 65 என்ற இலக்கோடு ஒத்துப்போகிறது. சூட்டுக் கட்டுப்பாடு குற்றமற்றது.

இயந்திரத்தை வெளியே இழுத்து, பின்பக்கமாகச் சாய்த்து, அடித்தகட்டைக் கழற்றி, சென்சாரைக் கால் சுற்றுத் திருகி எடுத்தேன். இரு பற்களின் உட்பக்கமும் முட்டையோட்டுத் தடிமனில் வெண்ணிறப் படிவு மூடியிருந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. கால்சியம் கார்பனேட். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சேரும் அதே உப்பு. ஒளி போய்ச் சேர வேண்டிய பாதை தண்ணீரில் அடைபடவில்லை, சன்னலில் அடைபட்டிருந்தது. மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டியும் முழு ஒளி கிடைக்காத நிலையில், தன் கண்ணில் படர்ந்த புரையைத் தண்ணீரின் அழுக்காகவே இயந்திரம் படித்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு தீய சுழற்சியும் ஒளிந்திருந்தது. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து கார்பனேட்டாக வெளியே படிகிறது. சூடு கூடினால் படிவு கூடும். படிவு கூடினால் சென்சார் அழுக்கு என்று சொல்லும். அழுக்கு என்று சொன்னால் இயந்திரம் 65 டிகிரிக்கு ஏறும். ஏறினால் மேலும் படியும். சிறிய மறைப்பாகத் தொடங்கியது, ஒவ்வொரு இரவும் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு, சில மாதங்களில் நிரந்தரக் குருடாகிவிட்டது.

தண்ணீரில் தொடங்கிய கதை

மூன்று ஆண்டுகள் இல்லாத படிவு நான்காம் ஆண்டில் ஏன் வந்தது? அடுக்ககச் சங்கத்திடம் பழைய நீர்ச் சோதனை அறிக்கை இருந்தது. அப்போது மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வந்திருக்கின்றன. கடினத்தன்மை லிட்டருக்கு 240 மில்லிகிராம். கடந்த ஆண்டு புதிதாக ஒரு போர் போட்டு, பெரும்பாலும் அதையே மேலே ஏற்றுகிறார்கள். சொட்டு எண்ணிச் சோதிக்கும் கிட் ஒன்றை வாங்கிவந்து, குழாய்த் தண்ணீர் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்வரை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கணக்கிட்டேன். 560 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்கத்தக்கது என்று வைத்திருப்பது 200. வேறு வழியே இல்லாதபோது 600 வரை. வீட்டில் இருந்த டி.டி.எஸ். மீட்டரை வைத்து "தண்ணீர் பரவாயில்லை" என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த மீட்டர் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துத்தான் சொல்லும். அவற்றில் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

டிஷ்வாஷருக்குள் கடின நீரை மென்னீராக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பிசின் மணிகள் நிரம்பிய ஒரு கலம், வரும் தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலால் கழுவி அவற்றை மீட்க வேண்டும். அதற்குத்தான் அடியில் உப்புப் பெட்டி. எத்தனை சுற்றுக்கு ஒரு முறை மீட்பது என்பதைத் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப நாம்தான் அமைத்துக்கொடுக்க வேண்டும். அளவுகோல் ஜெர்மன் டிகிரியில் இருக்கும். ஒரு டிகிரி லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். அக்கா வீட்டுத் தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டியிருந்தது. இயந்திரத்தில் அமைத்திருந்ததோ பூஜ்ஜியம். உப்புப் பெட்டியில் உப்பே இல்லை.

இதற்கு யாரும் குற்றவாளி அல்ல. வீட்டில் பயன்படுத்தியது, பவுடர், உப்பு, கடைசி அலசலில் நீர்த்துளி தங்காமல் வடியவைக்கும் ரின்ஸ் எய்டு மூன்றும் ஒன்றில் அடங்கியது என்று விற்கப்படும் மாத்திரை. அவ்வகை மாத்திரைகள் சுமார் 21 டிகிரி வரை, அதாவது 370 மில்லிகிராம் வரைதான் தனி உப்பு இல்லாமல் தாக்குப்பிடிக்கும். பழைய தண்ணீருக்கு அது போதுமானதாக இருந்தது. உப்பு தீர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்து தொல்லை தருகிறதே என்று முதல் ஆண்டிலேயே அமைப்பைப் பூஜ்ஜியமாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் மாறியபோது, எச்சரிக்க வேண்டிய விளக்கு அணைக்கப்பட்டிருந்தது.

சென்சாரை எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தின் கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்ததும் பற்கள் கண்ணாடிபோலத் தெளிந்தன. திரும்ப மாட்டி, 150 கிராம் எலுமிச்சை உப்பை அடியில் தூவி, காலி இயந்திரத்தை 45 டிகிரி நிரலில் ஓடவிட்டேன். இதை 70 டிகிரியில் ஓட்டினால் வேகமாகக் கரையும் என்று தோன்றும். ஆனால் கரைந்த கால்சியம் சூடான தண்ணீரில் கால்சியம் சிட்ரேட்டாக மறுபடியும் வெளியேறிப் படியக்கூடும், அந்தப் படிவை நீக்குவது முதல் படிவைவிடக் கடினம். பிறகு பெட்டியில் உப்பு நிரப்பி, அமைப்பை 31 முதல் 50 ஜெர்மன் டிகிரி வரையான கடினத்தன்மைக்குரிய உச்ச நிலைக்கு ஏற்றினேன்.

"வீட்டுல கல்லுப்பு இருக்கே, அதைப் போட்டா ஆகாதா?" என்று அக்கா வீட்டில் உடன் இருக்கும் அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. கல்லுப்பில் கடலிலிருந்து வந்த மக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். எதை நீக்க இந்த ஏற்பாடோ அதையே அதற்கு ஊட்டுவதாகிவிடும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பிலோ கட்டிதட்டாமல் இருப்பதற்கான சேர்மானம் உண்டு, அது மணிகளை அடைக்கும். டிஷ்வாஷர் உப்பு என்று தனியாக விற்பது சுத்திகரித்த சோடியம் குளோரைடின் பெரிய பரல்கள்தான். அதற்குப் பதிலி வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலி ஓட்டம் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுத்தது. பாத்திரங்களோடு ஓடிய முதல் இரவில் நேரம் 1 மணி 50 நிமிடத்துக்கும், மின்சாரம் 0.9 யூனிட்டுக்கும் இறங்கின. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது புகார்

பத்து நாளில் அக்கா மறுபடியும் அழைத்தார். டம்ளர்கள் தெளிவாகிவிட்டன, ஆனால் இட்லி மாவுப் பாத்திரமும் சாம்பார் காய்ந்த குக்கரும் ஒட்டியது ஒட்டியபடியே வெளியே வருகின்றன. முன்பு நீண்ட நேரம் ஓடியபோதாவது அவை சுத்தமாயின. இந்தப் புகார்தான் முதலாவதைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது.

ஓர் இரவு சமையலறையில் நின்று கவனித்தேன். அத்தை ஒவ்வொரு தட்டையும் குழாயில் காட்டி, நாரால் ஒரு தேய் தேய்த்து, பளிச்சென்று ஆன பிறகே அடுக்கினார். "எச்சில் தட்டைக் கழுவாம எப்படிப்பா உள்ள வைக்கிறது?" என்றார். பெரிய பாத்திரங்களை மட்டும், அவற்றுக்காகத்தானே இயந்திரம் என்று, அப்படியே உள்ளே வைத்தார். ஆக, உள்ளே போனவற்றில் முக்கால் பங்கு ஏற்கெனவே சுத்தம்; மீதிக் கால் பங்கில் மாவும் பருப்பும் காய்ந்து இறுகியிருந்தன. முன்கழுவலின் குளிர்ந்த தண்ணீர் சில நிமிடங்களில் இறுகிய மாவைக் கரைத்துவிடாது. தண்ணீர் தெளிவாகவே திரும்பி வந்தது. சென்சார் தான் கண்டதை உண்மையாகச் சொன்னது; இயந்திரம் 45 டிகிரிக் குறும்பாதையைத் தேர்ந்தெடுத்தது.

சென்சார் தட்டைப் பார்ப்பதே இல்லை. தட்டிலிருந்து தண்ணீருக்கு வந்ததை மட்டுமே அதனால் பார்க்க முடியும். எது எளிதில் கரைந்து வருகிறதோ அதை மிகையாகவும், எது இறுகப் பற்றியிருக்கிறதோ அதைக் குறைவாகவும் மதிப்பிடுவது அதன் பிறவிக் குணம். இதைச் சோதிக்க, சோறு வடித்த கஞ்சி ஒட்டிய ஒரே ஒரு பானையை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கஞ்சி உடனே தண்ணீரைப் பாலாக்கியது, நீண்ட பாதை தேர்வாகிவிட்டது. கழுவுவதற்கு அதைவிட எளிய பாத்திரம் அந்த வீட்டில் வேறு இல்லை. மறுநாள் எண்ணெய் தீய்ந்த கடாயை மட்டும் வைத்தேன். தண்ணீர் தெளிவாக வந்தது, குறும்பாதை தேர்வானது, கடாயும் கறுப்பாகவே இருந்தது.

மஞ்சள் இன்னொரு விதம். அதன் நிறப்பொருளான குர்குமின் நீல ஒளியை விழுங்குவதால்தான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அகச்சிவப்பு ஒளிக்கு அது தடையே அல்ல. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து ஆரத்தித் தட்டு சிவப்பது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால் காரத்தன்மை கொண்ட டிஷ்வாஷர் பவுடர் பட்டதும் குழம்புக் கறை செந்நிறம் கொள்ளும். நம் கண்ணுக்கு அது பெரிய மாற்றம். சென்சாருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் ஊறிய மஞ்சள் கறையை ஆட்டோ நிரல் கண்டுபிடித்துக் கூடுதலாகக் கழுவும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. அதைக் கழுவியபின் வெயிலில் ஒரு நாள் வைப்பதே மேல்.

தண்ணீரைப் பார்த்துப் பாத்திரத்தை ஊகிக்கும் இந்த முறையின் பலவீனம் அடுக்களையோடு நிற்கவில்லை. 1990-களில் கலங்கல் சென்சார் வீட்டு இயந்திரங்களில் பரவத் தொடங்கியபோது, அமெரிக்காவில் மின்சாரச் செலவைச் சுத்தமான பாத்திரங்களை வைத்தே அளந்துவந்தார்கள். சென்சார் உள்ள இயந்திரம் சுத்தமான பாத்திரத்துக்கு மிகக் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கும். அதனால் சோதனைக்கூடத்தில் காட்டும் செலவு வீட்டில் ஆகும் செலவைவிடக் குறைவாக இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை 2003-இல் முறையைத் திருத்தி, சென்சார் உள்ள இயந்திரங்களை மிகுதி, நடுத்தரம், குறைவு என்று மூன்று அளவில் அழுக்கு பூசிய பாத்திரங்களோடு ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்று வகுத்தது. மூன்று முடிவுகளுக்கும் முறையே 5, 33, 62 சதவீத எடை. அந்த 62 சதவீதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பெரும்பாலான நாட்களில் இயந்திரத்துக்குள் போவது லேசான அழுக்குதான் என்ற கணிப்பு அது. அந்தக் கணிப்பு இட்லி மாவையும் தாளித்த கடாயையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. இந்தியச் சந்தைக்கு வரும் இயந்திரங்களில் கடாய்க்கென்றே 70 டிகிரி நிரல் ஒன்றைத் தனியாக வைக்கத் தொடங்கியிருப்பது, சென்சாரின் முடிவுக்கு விடாமல் மனிதர் கையில் தீர்ப்பைக் கொடுக்கும் ஏற்பாடு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அத்தையிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கச் சென்சாரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அவர் அலம்பிய தட்டின் தண்ணீரையும், இன்னொன்றில் அலம்பாத தட்டின் தண்ணீரையும் எடுத்து, இரண்டின் பின்னாலும் கைப்பேசி விளக்கை வைத்துக் காட்டினேன். "இந்தத் தண்ணிய வச்சுத்தான் இது எவ்வளவு கழுவணும்னு முடிவு பண்ணுது, அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தவர், "அப்ப நான் கழுவிக் கழுவி அதை ஏமாத்தியிருக்கேன்" என்றார். எச்சில் விஷயத்தில் அவர் மனம் ஒப்பும் ஒரு வழியையும் கண்டோம்: தட்டில் மிஞ்சியதை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீர் காட்டாமல் அடுக்குவது, இரவுவரை காத்திருக்க வேண்டியிருந்தால் முன்அலசல் நிரலை மட்டும் ஐந்தாறு நிமிடம் ஓட்டி மூடிவைப்பது. மாவுப் பாத்திரத்தைக் காலி செய்தவுடன் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது, அது அங்கேயே சுத்தமாவதற்காக அல்ல, இறுகாமல் இருப்பதற்காக. குக்கரும் கடாயும் சேரும் நாளில் ஆட்டோவை நம்பாமல் தீவிர நிரல்.

ஆறு வாரம் கழித்துச் சென்றபோது சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன். பற்களில் விரலால் துடைத்தால் போகும் மெல்லிய கொழுப்புப் படலம் மட்டுமே இருந்தது. உப்புப் படிவு இல்லை. ஆட்டோ நிரலின் நேரம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது: விருந்தாளி வந்த நாள் இரண்டரை மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரத்துக்குள். அந்த மாற்றமே சென்சார் மறுபடியும் பார்க்கிறது என்பதற்கான சான்று. உப்பு விளக்கு ஒரு முறை எரிந்து, அக்கா நிரப்பியிருந்தார்.

வெளுத்துப்போன ஆறு டம்ளர்களை வினிகரில் ஊறவைத்ததில் நான்கு பளிச்சென்று ஆகிவிட்டன. இரண்டு மட்டும் ஈரமாக இருக்கும்போது தெளிந்தும், காய்ந்ததும் மங்கியும் நின்றன. மேலே படிந்த உப்பு என்றால் வினிகரில் கரைந்திருக்கும். இது ஓராண்டாக ஒவ்வொரு இரவும் 65 டிகிரிக் காரக் கரைசலில் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டதன் தடம், அதை எதுவும் மீட்காது. அந்த இரண்டும் இப்போது அத்தையின் சன்னலோரத்தில் இருக்கின்றன. ஒன்றில் மணி பிளான்ட் கொடி வேர்விட்டிருக்கிறது.